கடைசிப் பெஞ்சு ஒபுயா

கென்யாவின் கானோ சமவெளியில் ஒபுயாவின் மடியில் உட்காராமல் வளர்ந்த பிள்ளையைக் கண்டுபிடிப்பது கஷ்டம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பிரசங்கம் முடிந்து, அப்பமும் திராட்சரசமும் கொடுக்கிற திருவிருந்துக்கு மேசை விரிக்கும் நேரம் வந்ததும், ஞானஸ்நானம் வாங்காதவர்கள் எழுந்து வெளியே போய்விட வேண்டும் என்பது எங்கள் கோயில் வழக்கம். கடைசிப் பெஞ்சிலிருந்து முதலில் எழுகிறவர் ஒபுயாதான். எழுந்ததும் நேராகப் போய்விட மாட்டார். வாசலில் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நிற்பார். திருவிருந்துக்கு வரிசையில் நிற்கப்போகும் தாய்மார்கள் ஒவ்வொருத்தியாக வந்து கைக்குழந்தையை அவரிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

கோயிலை ஒட்டிய அத்திமரத்தடியில் ஒரு நீளப் பலகை உண்டு. அதில் உட்கார்ந்து, ஒன்றைத் தொடையிலும் ஒன்றைத் தோளிலும் சாய்த்துக்கொள்வார். தவழ்கிற வகைக்குக் கோட்டுப் பையிலிருந்து மாட்டுமணியை எடுத்துத் தரையில் வைப்பார். ஏர் ஓட்டிப் பிழைக்கிற மனிதர். காளையின் கழுத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைக்கென்று கழற்றிக்கொண்டு வருகிற மணி அது. உள்ளே ஜெபம் நடக்கும்போது வெளியே மணி கிணுகிணுக்கும். ஒருமுறை பேராயர் வந்திருந்தபோது, இந்த ஊர்க் கோயிலில் நல்ல முறையாக மணி அடிக்கிறார்கள் என்று பாராட்டிவிட்டுப் போனார். யாரும் திருத்தவில்லை.

சரி, இவ்வளவு நல்ல மனிதர் ஏன் வெளியே உட்கார்ந்திருந்தார்? அவருக்கு இரண்டு பெண்டாட்டிகள். விஷயம் அவ்வளவுதான்.

மூத்தவள் யூனியா. கல்யாணமாகி மகன் ஒதோயோ பிறந்த பிறகு, வயலும் தண்ணீர்க் குடமும் ஒருத்தியால் முடியாது என்று தாய்வீட்டுக்குப் போய், தன் சித்தப்பா மகள் பெர்சிலாவைக் கையோடு கூட்டி வந்துவிட்டாள். எங்கள் லுவோ சனத்தின் வீடுகளில் அந்தக் காலத்தில் இது பெருமைக்குரிய காரியம். யாரோ ஒருத்தி சக்களத்தியாக வருவதற்குத் தன் சொந்தத்தைத் தானே கொண்டுவருகிறவள் புத்திசாலி என்பார்கள். ஒபுயா கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

பிறகுதான் அந்த வீட்டுக்குள் வேதம் வந்தது. பெண்கள் இருவரும் ஒரே நாளில் ஞானஸ்நானம் வாங்கினார்கள். ஆளுக்கு ஒரு புருஷன்தானே, அவர்களை உள்ளே விடத் தடையில்லை. ஆணுக்கு மட்டும் சட்டம் வேறு. ஒருத்தியை வைத்துக்கொண்டு மற்றவளை அனுப்பிவிட்டு வரவேண்டும்.

அப்போதிருந்த பாதிரியார் நயமாகத்தான் சொன்னார். "மூத்தவள வச்சுக்கோ ஒபுயா. இளையவ அவ அண்ணன் வீட்டுக்குப் போகட்டும். வாரத்துக்கு ஒரு மூட்டை சோளம் அனுப்பு, நான் வேண்டாம்னு சொல்லல."

"ஐயா, அவ மாடா, சோளம் போட்டு வேற கொட்டில்ல கட்ட?"

"அப்ப ஞானஸ்நானம் கிடையாது."

"சரிங்க. நான் காத்திருக்கேன்."

"எதுக்குக் காத்திருப்பே? சட்டம் மாறாதே."

"அது எனக்குத் தெரியலீங்க. என்னக் கூப்பிட்டவருக்குத் தெரியும். எனக்கு ரெண்டு பொண்டாட்டின்னு தெரிஞ்சுதானே கூப்பிட்டாரு?"

பாதிரியார் தேநீரைக் குடித்து முடித்தார். ஒபுயா அந்த வாரமே ஞானஸ்நான வகுப்பில் சேர்ந்து, கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

காத்திருக்கிறவன் முகம் எப்படியிருக்கும்? ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பார்க்கிறோமே, அப்படி என்று நினைப்போம். ஒபுயாவின் முகம் கல்யாண வீட்டு வாசலில் நிற்கிறவனின் முகம். உள்ளே ஆட்டுக்கறி கொதிக்கிற வாசனை வருகிறது, பாட்டுக் கேட்கிறது, எப்படியும் கூப்பிடத்தான் போகிறார்கள், என்ன அவசரம். வருஷாவருஷம் புதிதாக வகுப்பில் சேருகிறவர்கள் ஈஸ்டருக்கு வெள்ளை உடுத்திக்கொண்டு உள்ளே போவார்கள். ஒபுயா அவர்களை வாசல்வரை கொண்டுபோய்விட்டுக் கைதட்டிவிட்டு, அடுத்த வாரம் அடுத்த வகுப்பின் கடைசிப் பெஞ்சில் இருப்பார். எனக்குத் தெரிந்து அவருக்குப் பொறாமை வந்ததில்லை. ஏக்கம் இருந்தது. இரண்டும் வேறு வேறு என்று அவரைப் பார்த்துத்தான் பலருக்குத் தெரிந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்கு வாரமும் அவருக்குத் தலைகால் புரியாது. ஆண்டவர் வருகைக்காகச் சபை முழுவதும் காத்திருக்கிற காலம் அல்லவா? "பாத்தியா, இப்ப எல்லாரும் என் பெஞ்சுக்கு வந்துட்டாங்க" என்று, ஞானஸ்நான வகுப்பு எடுக்கும் உபதேசியார் ஷாத்ராக்கிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அந்த வாரங்களில் ஊரில் எல்லோருக்கும் ஓசியில் யோசனை சொல்வார். "கொஞ்சம் நகந்து உக்காருங்கப்பா, எனக்கு இது பழைய இடம், உங்களுக்குத்தான் புதுசு."

ஷாத்ராக் அவருக்குச் சிநேகிதர், எதிரி, ஆசிரியர், மூன்றும். ஒரே வயது. கண்டிப்பான ஆள். ஒபுயா தனக்கு சிமியோன் என்று பெயர் எடுத்து வைத்திருந்தார். தேவாலயத்திலே காத்திருந்து காத்திருந்து, கடைசியில் குழந்தை இயேசுவைக் கையில் வாங்கினாரே, அந்தப் பெரியவரின் பெயர். ஷாத்ராக்குக்கு இது பொறுக்காது.

"ஓமெரா, ஞானஸ்நானமே வாங்கல, அதுக்குள்ள பேரா?" என்பார். ஓமெரா என்றால் எங்கள் பேச்சில் சிநேகிதன்.

"பேரு தயாரா இருக்கட்டும்பா. தண்ணி வரும்போது தேடிட்டு நிக்கக் கூடாது பாரு."

ஷாத்ராக்கின் வகுப்பில் எல்லோருக்கும் பிடித்த பாடம் ஒன்று உண்டு. எங்கள் ஊர் வெள்ளக்காடு. மழைக்காலத்தில் ஆறு புரண்டால் பாதிரியார் வரமுடியாது, உபதேசியாரும் வரமுடியாது. சாகக் கிடக்கிறவருக்கு, பிறந்து மூச்சுத் திணறுகிற சிசுவுக்கு, ஞானஸ்நானம் வாங்கிய யாராக இருந்தாலும் தண்ணீர் ஊற்றி வார்த்தை சொல்லலாம். அதை எப்படிச் செய்வது என்று ஷாத்ராக் கற்றுக்கொடுப்பார். தலைக்குப் பதிலாக ஒரு பெரிய சுரைக்குடுவை. அதன்மேல் எல்லோரும் முறைவைத்து ஊற்றிப் பழகவேண்டும். ஒருமுறை ஒரு பெண் விளையாட்டாகத் தண்ணீரை ஒபுயாவின் வழுக்கைத் தலைப்பக்கம் கொண்டுபோனாள். ஷாத்ராக் பாய்ந்து கையைப் பிடித்துவிட்டார்.

"ஏய், ஏய்! வார்த்தையைச் சொல்லிக்கிட்டே ஊத்திட்டேன்னா அது ஒட்டிக்கும்! அப்புறம் பேராயருக்கு யாரு பதில் சொல்றது?"

அன்றிலிருந்து, பாடம் நடக்கும்போது ஒபுயா குடுவையிலிருந்து பத்தடி தள்ளி உட்காரவேண்டும் என்று உத்தரவு. வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போய் அதை இரண்டு பெண்டாட்டிகளுக்கும் நடித்துக் காட்டினார். ஷாத்ராக் பாய்ந்தது, குடுவை உருண்டது, எல்லாம். பெர்சிலா கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். யூனியா சிரிக்கவில்லை.

யூனியாவுக்கு அது சிரிக்கிற விஷயமாக இல்லை. பெர்சிலாவைக் கூட்டிவந்தவள் அவள்தான். தன் வேலைச்சுமைக்காகச் செய்த காரியம் புருஷனைக் கோயிலுக்கு வெளியே நிறுத்திவிட்டதே என்று உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தாள். வயது ஏற ஏற அந்தப் பயம் பெரிதாயிற்று.

"ஒதோயோ அப்பா, நாளைக்கு நாம எல்லாரும் செத்துப் போறோம்னு வைங்க. நானும் பெர்சிலாவும் உள்ள போயிடுவோம். நீங்க?"

"நான் வெளிய மரத்தடில இருப்பேன்."

"விளையாடாதீங்க."

"விளையாடல யூனியா. அங்கயும் கைக்குழந்தைங்க இருக்கும்ல? பாத்துக்க ஆள் வேணாமா?"

அவள் மேல்துணியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து மணியை எடுத்து மெதுவாக ஆட்டிக் காட்டினார், குழந்தைக்குக் காட்டுகிற மாதிரி. அவள் அதைப் பிடுங்கி முற்றத்தில் எறிந்தாள்.

இதையெல்லாம் அதே முற்றத்தில் தனக்கென்று இருந்த பக்கத்து வீட்டிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள் பெர்சிலா. மறுநாள் காலையில் அவள் வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. துணிமூட்டையோடு அசெம்போவில் இருக்கிற அண்ணன் வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டாள். போகிற வழியில் பாதிரியாரிடம், "நான் விலகிட்டேன், அவருக்கு இந்தக் கிறிஸ்துமஸுக்கே ஞானஸ்நானம் குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டும் போயிருந்தாள். இப்போதிருக்கும் பாதிரியார் வஞ்சாலா இளவயசுக்காரர், இளகின மனசு. சந்தோஷமாக ஒபுயா வீட்டுக்கு ஓடிவந்தார். வீட்டில் ஒபுயா இல்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு அசெம்போ பாதையில் போயிருந்தார்.

மறுநாள் சாயங்காலம் திரும்பி வந்தார்கள். சைக்கிளின் பின்னால் பெர்சிலா, அவள் மடியில் மூட்டை. இரண்டு பேரும் ஊரே கேட்கச் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள்.

"யாரு உன்னப் போகச் சொன்னது?"

"நான் போனாத்தான் நீங்க உள்ள போகமுடியும்."

"உன்ன விட்டுட்டு உள்ள போனா, நான் அங்க எந்த முகத்தோட நிப்பேன்? சந்தோஷமாத்தானே காத்திட்டிருக்கேன்? நீ குறுக்குவழி காட்டி அதையும் கெடுக்காதே."

யூனியா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பெர்சிலா இறங்கியதும் அவள் கையிலிருந்த மூட்டையை வாங்கிக்கொண்டாள். "சோறு வச்சிருக்கேன், வா" என்றாள். அந்த விஷயம் அதோடு முடிந்தது. வஞ்சாலா பாதிரியாருக்கு மட்டும் ஒபுயா போய் மன்னிப்புக் கேட்டு, அவருடைய தோட்டத்தைச் சும்மா உழுது கொடுத்துவிட்டு வந்தார்.

அடுத்த வருஷம், கிறிஸ்துமஸுக்கு முந்திய அதே திருவருகைக் காலத்தில், மழை விடாமல் பிடித்துக்கொண்டது. ஆறு கரையை உடைத்து வயல்களுக்குள் வந்துவிட்டது. கோயில் அக்கரை, மருந்துக்கடை அக்கரை. ஒபுயா சேற்றில் காளைகளை மேட்டுக்கு ஓட்டிவிட்டு வந்த அன்று காய்ச்சலில் விழுந்தார். மலேரியாதான், ஆனால் இந்தமுறை அது அவரைப் போட்டு உலுக்கியது. நடுங்கினார், பிதற்றினார், பிறகு பிதற்றுவதும் நின்றது. வீட்டிலிருந்த மாத்திரைகளை விழுங்கவைத்தும் பலன் இல்லை. உபதேசியாருக்குச் சொல்லியனுப்ப ஓடத்துக்குப் போன பக்கத்துவீட்டுக்காரர், தண்ணீர் இழுப்பு அடங்காமல் ஓடம் எடுக்கமாட்டார்கள் என்று திரும்பி வந்தார்.

மத்தியானம் ஒபுயாவின் மூச்சு மாறியது. யூனியா தன் காதை அவர் நெஞ்சில் வைத்துக் கேட்டாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் ரத்தம் இல்லை.

"பெர்சிலா, தண்ணி எடுத்துட்டு வா."

"குடிக்கவா அக்கா?"

"குடிக்க இல்ல."

பெர்சிலாவுக்குப் புரிந்தது. குடுவையில் தண்ணீர் மொண்டுகொண்டு வந்து யூனியாவிடம் நீட்டினாள். யூனியா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நீ ஊத்து."

"நானா? நீங்கதானே மூத்தவங்க?"

"நான் ஊத்தினா, மூத்தவ தனக்குன்னு ஊத்திக்கிட்டான்னு நாளைக்கு உனக்கே தோணும். உன்னாலதான் இவரு வெளிய நிக்கிறாருன்னு ஊர் பேசுச்சு. ஊரு என்ன, நானே மனசுக்குள்ள பேசினேன். நீயே கூட்டிட்டுப் போ அவர உள்ள."

பெர்சிலா குடுவையோடு படுக்கையோரம் மண்டியிட்டாள்.

"அகெல்லோ அப்பா." அகெல்லோ அவளுடைய மகள், அவள் புருஷனை அழைக்கும் பெயர் அதுதான். "கேக்குதா? உங்களுக்கு ஞானஸ்நானம் வேணுமா?"

வெகுநேரம் கழித்து அவர் கண்ணைத் திறந்தார்.

"உன்ன அனுப்பச் சொல்லுவாங்களே."

"யாரு சொல்லுவாங்க? குடுக்கறது நான். நான் சொல்லல."

ஒபுயா அவளைப் பார்த்தார். தலைமாட்டில் நின்ற யூனியாவையும் பார்த்தார். அந்தக் காய்ச்சலிலும் உதட்டோரத்தில் சிரிப்பு வந்தது.

"அட, இது எனக்குத் தோணவே இல்லையே" என்றார். "வேணும். ரொம்ப நாளா வேணும்."

"சிமியோனே, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்று பெர்சிலா ஒரு வார்த்தை பிசகாமல் சொல்லித் தண்ணீரை ஊற்றினாள். அழுகையில் கை நிற்காமல் குடுவை முழுவதையும் கவிழ்த்துவிட்டாள். தலை, தலையணை, பாய், எல்லாம் நனைந்தது. யூனியா "ஆமென்" என்றாள். அதற்குமேல் அவளால் முடியவில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். நனைந்துபோய்க் கிடந்த ஒபுயா அமைதியாகக் கண்ணை மூடினார்.

சாகவில்லை.

விடிந்ததும் தண்ணீர் கொஞ்சம் அடங்க, ஷாத்ராக் மருந்துக்காரரைக் கூட்டிக்கொண்டு ஓடத்தில் வந்து சேர்ந்தார். ஊசி போட்டார்கள். அன்று மாலை ஒபுயா கஞ்சி கேட்டார். அதுவரை முழங்காலில் நின்ற ஷாத்ராக், கஞ்சி உள்ளே போவதைப் பார்த்த பிறகு, உபதேசியாராக எழுந்து நின்றார்.

"பெர்சிலா, வார்த்தைய சரியாச் சொன்னியா?"

சொல்லிக் காட்டினாள்.

"தெளிச்சியா, ஊத்தினியா?"

"பாய இன்னும் வெளிய காயப்போட்டிருக்கோம், தொட்டுப் பாருங்க."

"கேள்வி? அனுப்பிடுவியான்னு அந்தக் கேள்விய கேட்டியா?"

"சுரைக்குடுவைகிட்ட நீங்க அதக் கேக்கச் சொல்லிக் குடுக்கலியே?"

ஷாத்ராக் பாயைத் தொட்டுப் பார்க்க வெளியே போனார். கஞ்சிக் கிண்ணத்துக்குப் பின்னாலிருந்து ஒபுயாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்து, இருமலாகி, யூனியா முதுகைத் தட்டவேண்டியதாயிற்று.

விஷயம் வஞ்சாலா பாதிரியாருக்குப் போய், பேராயர்வரை போய்த் திரும்பியது. பாதிரியார் நேரிலேயே வந்தார். தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஞானஸ்நானம் செல்லும் பெரியவரே. குடுத்தது குடுத்ததுதான், யாராலயும் திருப்பி எடுக்க முடியாது. ஆனா திருவிருந்து... அதுக்குப் பேராயர் கைவச்சுத் திடப்படுத்தணும். அவரு அந்தக் கேள்விய கேட்பாரு. வீடு இப்படி இருக்கற வரைக்கும் என்னால குடுக்க முடியாது."

"அப்ப இன்னொரு வாசல் இருக்கு."

"உங்களுக்கு வருத்தமா இல்லையா?"

ஒபுயா வெளியே பார்த்தார். முற்றத்தில் இரண்டு பெண்களும் பண்டிகைக்குச் சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்தார்கள்.

"இல்லாம இருக்குமா ஐயா? திருவிருந்து முடிஞ்சு இதுக ரெண்டும் மரத்தடிக்கு வந்து பக்கத்துல உக்காரும்போது, மூச்சுல லேசா அந்தத் திராட்சரச வாசனை வரும். அத மோந்துக்கிட்டேதான் இத்தன வருஷம் வீட்டுக்கு நடந்திருக்கேன். ஒருநாளைக்கு எனக்கும் உண்டு. முத வாசலே எப்படித் தொறந்துச்சுன்னு பாத்தீங்கல்ல?"

பாதிரியார் தொப்பியால் கண்ணைத் துடைத்துக்கொண்டதாக யூனியா சொல்கிறாள். சப்பாத்தி சுட்ட புகை என்று அவர் சொல்கிறார்.

கிறிஸ்துமஸ் காலையில் ஒபுயா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, மெலிந்த கால்களோடு, ஒரு பக்கம் யூனியா, ஒரு பக்கம் பெர்சிலா பிடித்துக்கொள்ளக் கோயிலுக்கு வந்தார். ஆராதனையில் சிமியோன் என்று பெயர் சொல்லி அவரைச் சபையில் சேர்த்தார்கள். பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குலவையிட்ட சத்தத்தில் கூரையிலிருந்த குருவிகள் பறந்தன. திருவிருந்துக்கு மேசை விரித்தபோது, ஷாத்ராக் குனிந்து காதில் சொன்னார். "ஓமெரா, இனிமே நீ எந்திரிச்சுப் போக வேண்டியதில்ல. வாங்கத்தான் முடியாது, உள்ள உக்காரலாம். உனக்கு அந்த உரிமை இருக்கு."

ஒபுயா தலையாட்டினார். அந்த உரிமையைக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து அனுபவித்தும் பார்த்தார். பிறகு வரிசையைப் பார்த்தார். கைக்குழந்தையோடு நின்ற தாய்மார்கள் எல்லோரும் என்ன செய்வதென்று தெரியாமல் வாசலையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெஞ்சைப் பிடித்து மெதுவாக எழுந்தார். வாசலுக்குப் போய் இரண்டு கைகளையும் நீட்டினார்.

அத்திமரத்தடியில் ஒன்று தொடையில், ஒன்று தோளில். தவழ்கிறதற்கு மணியை எடுத்துக் கீழே வைத்தார். உள்ளே பாட்டு ஆரம்பித்தது. தோளில் கிடந்தது சிணுங்க, அதன் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே ஒபுயா ரகசியம் சொல்வதுபோலச் சொன்னார்:

"அழாதீங்கடா. நானும் இப்ப உங்க கூட்டந்தான். நமக்கெல்லாம் ஞானஸ்நானம் ஆயிடுச்சு, விருந்துக்குத்தான் இன்னும் வயசு வரல. கூப்பிடுவாங்க."